வாசல்படியிலிருந்து பதினொன்று முப்பது

ஒவ்வொரு அக்டோபரிலும்
அளவுநாடாவின் ஒரு முனையைச் சமையலறைப் படியில்
செங்கல் வைத்து அழுத்திவிட்டு
மறுமுனையோடு கடலைப் பார்த்து நடக்கிறாள் குத்ருன்.
நாடா முடியுமுன்
டென்மார்க் முடிந்துவிடுகிறது.

இந்த ஆண்டு பதினொரு மீட்டர் முப்பது.
போன ஆண்டும் அதே பதினொன்று முப்பது.
அதற்கு முந்தின ஆண்டும்.

பாறை தவணை முறையில் போவதில்லை.
கீழே இருக்கும் சீமைச்சுண்ணாம்பு மெத்தென்றது.
அலை அதை நக்கி நக்கி உள்ளே போய்க்கொண்டே இருக்கும்.
மேலே இருப்பது கெட்டிக் கல்,
மோவாயை நீட்டிக்கொண்டு
ஒன்றுமே நடவாததுபோல் நிற்கும்.
பிறகு ஏதோ ஒரு பிப்ரவரி இரவில்,
காற்றுகூட இல்லாதபோது,
ஆறு மீட்டர். ஒரே மூச்சில்.

அப்படித்தான் போனது ஆப்பிள் மரம்.
அப்படித்தான் கோழிக்கூடு
(கோழிகள் தப்பின, ஒன்றைத் தவிர).
அப்படித்தான்
ஐகில் தள்ளுபடியில் வாங்கி, திறக்காமலே செத்துப்போன
பச்சைப் பெயின்ட் ஏழு டப்பா.

மறுநாள் இரும்பு ஏணியில் இறங்கிப் பார்த்தாள்.
உடைந்த சுவர் ஈரமாக இருந்தது, அப்போதுதான் பிட்ட ரொட்டியாக.
தொட்டால் விரலில் ஒட்டிய வெள்ளையில்
எத்தனை ஆயிரம் ஓடுகளோ.
வெளிச்சத்தில் மிதந்து பிழைத்த பொடி உயிர்கள்;
செத்த பின்தான் அவற்றுக்கு எடையே வந்தது.
இறங்கின.
ஆற அமர இறங்கின.
விரற்கடை உயரம் சேரச் சில நூறு ஆண்டு.
மேலே விழுந்தது கீழே கிடந்ததை அழுத்த,
தண்ணீர் பிதுங்கி வெளியேற,
சேறு தன்னைத் தானே பிடித்துக்கொண்டு
கல் ஆயிற்று.

தலைக்கு மேல், எட்டாத உயரத்தில்,
கறுப்பாய் ஒரு கோடு. விரல் தடிமன்கூட இராது.
அதற்குக் கீழே ஓர் உலகம்.
மேலே, அது இல்லாத உலகம்.
கல்மேல் எழுத்து என்கிறோம்.
இங்கே கல்லே எழுத்து,
அடித்துத் திருத்திய இடம்
அந்த ஒன்று.

நகராட்சியிலிருந்து யெப்பே வந்தான்,
முக்காலியில் ஏதோ சிவப்பு ஒளிக் கருவியோடு.
"சராசரியாக ஆண்டுக்குப் பதினைந்து சென்டிமீட்டர்" என்றான்.
"அப்படியானால் எழுபத்தைந்து ஆண்டு. எனக்கு இப்போது அறுபத்து மூன்று."
"கணக்கு சரிதான், ஆனால்..."
"ஆனால் பாறைக்குக் கணக்கு வராது" என்று முடித்துக்கொடுத்தாள்.
காபி ஊற்றினாள்.
ஜன்னல் விளிம்பில் படிந்த வெள்ளைத் தூளை
அவன் சட்டைக் கையால் துடைத்துவிட்டுப் பார்த்தான்.
வீட்டுச் சுவரும் இதே பாறையிலிருந்து அறுத்த கல்.
உப்புக் காற்று அதையும் தினம் கொஞ்சம் தின்கிறது;
காலையில் கூட்டி வாசலில் கொட்டினால்
காற்று வாங்கிக்கொண்டு போய்
கடலில் சேர்த்துவிடும்.
"கடன் வாங்கிக் கட்டிய வீடு" என்றாள்.
அவன் வங்கிக் கடன் என்று நினைத்துக்கொண்டான்.

கையெழுத்துப் போடவில்லை.

மூன்றாவது அக்டோபரில் அவளே தொலைபேசியில் கூப்பிட்டாள்.
"உங்கள் கடல் வேலைக்கே வருவதில்லை, யெப்பே.
மறுபடி பதினொன்று முப்பது."
அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம்.
"படகில் போய்க் கீழிருந்து அளந்தோம்" என்றான்.
"அடியில் நாலு மீட்டருக்குக் குடைந்திருக்கிறது.
உங்கள் பதினொன்றில் நாலு
அந்தரத்தில் நிற்கிறது."

போனை வைத்தாள்.
அந்த நாலு மீட்டரில்தான்
நேற்று போர்வைகளை உலர்த்தியிருந்தாள்.
அந்த நாலில்தான், விளிம்பில் நாற்காலி போட்டு,
ஐகிலின் பைப்பை ஒருமுறை
பற்றவைக்காமல் வாயில் வைத்துப் பார்த்தாள்.

போய்க் கொடியை அவிழ்த்தாள்,
குதிகால் படாமல் நடந்து,
தொட்டிலைக் கடப்பவள்போல்.

பிறகு நோட்டை எடுத்தாள்.
நாடா இன்னும் புல்லில் கிடந்தது,
பதினொன்று முப்பது காட்டிக்கொண்டு.
ஏழு முப்பது என்று எழுதினாள்.